சீர்வரிசைக்கு முன்னால் ஓடியவன்

கோம்பையில் நாய் வளர்க்காத வீடு அபூர்வம். கார் வளர்த்தவர் சுருளியாண்டி ஒருவர்தான். நாயாவது பழைய கஞ்சியைக் குடித்துவிட்டுக் களத்தைக் காக்கும். கார் டின் டின்னாகப் பெட்ரோலைக் குடிக்கும், அதற்கு நாம் காவல் இருக்க வேண்டும். மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது தள்ளிவிட்டுப் போன பழைய கார் அது. இருபோகம் விளையும் ஒரு குறுக்கம் வயலை விற்று சுருளியாண்டி அதை வாங்கினார். வாங்கிய அன்று ஊரே வந்து பார்த்தது. மறுநாளிலிருந்து ஊரே வந்து தள்ளியது.

அதற்காக அவரைப் புத்தி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கார் வாங்க ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தின் பெயர் பஞ்சம்மாள். அவருடைய ஒரே தங்கச்சி. குச்சனூர் மலைச்சாமிக்கு வாக்கப்பட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கட்டிக்கொடுத்த வருஷம் மழை இல்லை. ஒரு தகரப்பெட்டியும் இரண்டு பித்தளைக் குடமும்தான் கொடுத்தனுப்ப முடிந்தது. மாமியார் அய்யம்மாள் அதை மறக்கவில்லை, யாரையும் மறக்க விடவும் இல்லை. நல்லது கெட்டது எது நடந்தாலும், "எங்க சம்பந்தகாரக சீரு ஒரு தகரப்பொட்டிக்குள்ள காலு நீட்டிப் படுத்துக்கும்" என்று ஒரு வார்த்தை போடாமல் வெற்றிலையை மடிக்க மாட்டாள்.

பத்து வருஷம் பிள்ளையில்லாத பேச்சையும் சேர்த்துக் கேட்ட பிறகு பஞ்சம்மாளுக்கு ஒரு பெண் பிறந்தது. சந்தனம்மாள் என்று பெயர். அந்தப் பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் காரில் போக வேண்டும், குச்சனூர் வாய் பிளக்க வேண்டும், ஒரு நாளாவது தங்கச்சி அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். சுருளியாண்டிக்கு வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

ஆனால் காதுகுத்து வருகிறவரை கார் உயிரோடு இருக்க வேண்டுமே! வாங்கி ஆறு மாதத்தில் நான்கு டயரும் பல்லிளித்தன. அந்தச் சமயத்தில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஆவணி மாதத்தில், உத்தமபாளையம் பெட்ரோல் கடையில் ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தது. 'கார் உடையோரே! உங்கள் காரின் இருபுறமும் சும்மா கிடப்பதை எண்ணி என்றாவது வருந்தியதுண்டா?' என்று அது கேட்டது. சுருளியாண்டி அதுவரை வருந்தியதில்லை. படித்த பிறகு வருத்தமாகத்தான் இருந்தது.

நோட்டீஸ் போட்டது மதுரையில் இருந்த அகில தட்சிண வாகனப் பிரசித்தி ஸ்தாபனம். காரின் மேல் ஸ்தாபனம் விளம்பரம் எழுதும். கார்க்காரருக்கு மாதம் பதினைந்து ரூபாய், முதல் ஆறு மாதத்துப் பணம் முன்கூட்டியே. சுருளியாண்டி மதுரைக்குப் போனார். ஸ்தாபனத்தில் மூன்று அறைகள். முதல் அறையில் விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள். இரண்டாம் அறையில், அதை முதல் அறையில்தான் வாங்கினாரா என்று விசாரித்தார்கள். மூன்றாம் அறையில் தாள் தீர்ந்துவிட்டது என்றார்கள். தாள் தம் கையிலேயே இருப்பதை அவர் காட்டியதும், "அப்படியென்றால் சரி" என்று சற்று ஏமாற்றத்தோடு வாங்கிக்கொண்டார்கள்.

அதில் நாற்பத்தோரு கேள்விகள் இருந்தன. 'இந்த வாகனம் இதற்கு முன் வேறு ஏதேனும் கருத்தைத் தெரிவித்திருக்கிறதா?' என்பது ஒன்று. 'வாகனத்தின் பின்புறம் கண்ணியமானதா?' என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன விளம்பரம் எழுதப் போகிறார்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. காரில் எழுதுவதென்றால் சோப்பு, குடை, பிஸ்கோத்து இப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆளுயரப் படம். ஒரு மனிதன் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையில் செம்புத் தண்ணீரோடு, காரின் முன்பக்கம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். முகத்தில் அவசரமும் நன்றியும் ஒருங்கே தெரிந்தன, ஓவியன் கெட்டிக்காரன். கீழே சிவப்பு எழுத்தில், 'மலபந்த மர்த்தினி பேதி மாத்திரை! ஒரே மாத்திரை, ஒன்பது முறை!'

சுருளியாண்டி மறுபக்கம் போய்ப் பார்த்தார், அங்கேயும் அவன்தான். கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிக்கு ஸ்தாபனத்து இன்ஸ்பெக்டராக நியமனமாகியிருந்த ஞானசிகாமணி பக்கத்தில் நின்றார். கோட்டு, தலைப்பாகை, கையில் சட்டப்புத்தகம்.

"அய்யா, சோப்பு கீப்பு மாதிரி எதுவும் எழுதக் கூடாதுங்களா?"

"சோப்பு எழுத வேண்டுமானால் காருக்கு நான்கு கதவு வேண்டும். உம்முடையதற்கு இரண்டு. இரண்டு கதவுக்குப் பேதிதான்," என்றார் ஞானசிகாமணி. "அதிலும் உமக்கு யோகம். ஒரே கதவு உள்ள காருக்கு என்ன எழுதுகிறோம் என்று தெரிந்தால் எனக்கு மாலை போடுவீர்."

சுருளியாண்டி தெரிந்துகொள்ள விரும்பவில்லை. முன்பணத்தில் நான்கு டயரும், சந்தனம்மாளுக்கு ஒரு ஜோடிக் கம்மலும் வாங்கியாகிவிட்டது. ஒப்பந்தத்தை முறித்தால் கார் ஸ்தாபனத்துக்குப் போய்விடும். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து ஓட்டி, பொழுது சாய்ந்த பிறகு ஊருக்குள் நுழைந்தார். மனைவி கஸ்தூரியம்மாள் ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தாள், காரைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இவன் எங்க ஓடுறான்?"

"சும்மா ஓடுறான். நீ உள்ள போ."

இதோடு விட்டிருந்தால் ஊர் நாலு நாள் சிரித்துவிட்டு ஐந்தாம் நாள் மறந்திருக்கும். ஸ்தாபனம் விடவில்லை. வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. முப்பது பேருக்கு மேல் கூடும் இடம் எதுவானாலும் கார் அங்கே நிற்க வேண்டும் என்றது நான்காம் சுற்றறிக்கை. அந்த வாரமே கோம்பையில் கூட்டம் கூடியது. செல்லப்பாண்டியின் அப்பா வாந்திபேதியில் செத்துப்போனார். சுருளியாண்டி இரண்டு முறை வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய் இழவு வீட்டு வாசலில் நிறுத்தினார். ஒப்பாரி பாதியில் நின்றது. கொள்ளிச்சட்டிக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்த செல்லப்பாண்டி எழுந்து வந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, எங்கய்யா போனதே அதுலதான். கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நிறுத்துங்கண்ணே."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுருளியாண்டி பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இன்னும் மூன்று மாதம், சீர் முடிந்துவிட்டால் காரை ஆற்றில் தள்ளினாலும் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஏழாம் சுற்றறிக்கையோடு ஒரு தடித்த நோட்டும் மைப்பெட்டியும் வந்தன. விளம்பரத்தைப் பார்த்தவர்களிடம் 'எது மனத்தைக் கவர்ந்தது, படமா, வாசகமா?' என்று கேட்டு எழுதி, எதிரே அவர்களுடைய பெருவிரல் ரேகையை வாங்க வேண்டும். மாதம் முந்நூறு ரேகை. மதுரையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதியவருக்கு இது ஒரு சின்ன வேலையாகப் பட்டிருக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் அன்றைக்கு ரேகை என்பது விளையாட்டுப் பேச்சில்லை. சில சனங்களைத் தாய் வயிற்றிலிருக்கும்போதே களவாணிகள் என்று சர்க்கார் எழுதி வைத்திருந்தது. அந்த வீட்டு ஆம்பிளைகள் போலீஸ் கச்சேரியில் போய் ரேகை வைத்தாக வேண்டும். வைக்காதவனுக்கு ஜெயில். மைப்பெட்டியைக் கண்டாலே ஒரு தெரு காலியாகும்.

இதெல்லாம் சுருளியாண்டிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் முதலில் அவர் போனது தன் தென்னந்தோப்புக்குக் காவல் இருந்த ஒச்சாண்டியிடம். கிழவருக்கு வயது அறுபதுக்கு மேல். அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவர். சுருளியாண்டி நோட்டை நீட்டியதும் கிழவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு தேங்கா களவாண்டது இல்ல நான். இருந்தாலும் பதினாலு வருசமா இந்த வெரலக் கச்சேரியில அமுக்குறேன். இப்பப் பேதி மாத்திரைக்கும் அமுக்கணுமா?"

"வேணாம்ண்ணே, விடுங்க."

"ஒம் மொகத்தப் பாத்தா பாவமா இருக்கு. கொண்டா."

அமுக்கிவிட்டு, விரலை மண்ணில் தேய்த்துக்கொண்டே தோப்புக்குள் போய்விட்டார். படமா, வாசகமா என்று அவரிடம் கேட்க சுருளியாண்டிக்கு வாய் வரவில்லை. செருப்பால் அடிபட்டது போல நின்றார்.

அதற்குப் பிறகு வேறு யாரிடமும் அவர் போகவில்லை. கஸ்தூரியம்மாள் தன் பத்து விரலையும் வைத்துக் கொடுத்தாள், பிறகு கால் விரலையும் வைத்தாள். கணவனும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பேர் ஆனார்கள். 'கோம்பை மக்களின் பெருவிரல்கள் வழக்கத்துக்கு மாறாக அகன்றிருப்பது ஸ்தாபனத்துக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது' என்று மதுரையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஆனால் எண்ணிக்கை போதவில்லை என்றும் அதே கடிதம் சொன்னது.

தை மாதம் காதுகுத்து வந்தது. காரில் ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றினார்கள். அரிசிச் சிப்பம், வாழைத்தார், வெல்லம், பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பின்னால் ஒரு கிடாய். ஒன்பது தாம்பாளம் கஸ்தூரியம்மாளின் மடியிலும் பக்கத்திலும். ஓடுகிற மனிதனை என்ன செய்வது? கஸ்தூரியம்மாள் தன் கூரைப்புடவையை எடுத்து வந்து ஒரு பக்கம் கட்டினாள். மறுபக்கம் வாழை மரம் இரண்டைச் சாய்த்துக் கட்டினார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. ஒச்சாண்டி வேறொரு ஊர்க் காவலுக்குப் போவதாகச் சொல்லி வரவில்லை. கூப்பிட்ட உறவுக்காரர்கள் வண்டிகளில் பின்னால் வந்தார்கள்.

சின்னமனூரில் சாலையோரம் கோட்டும் தலைப்பாகையுமாக ஞானசிகாமணி நின்றுகொண்டிருந்தார். காதுகுத்துச் செய்தி அவருக்கு எப்படிப் போனதோ தெரியாது. ஸ்தாபனத்துக்கு இழவும் கல்யாணமும் எறும்புக்குச் சர்க்கரை தெரிவதுபோல் தெரிந்துவிடும்.

"பதினான்காம் விதி!" என்றார். புடவையைத் தாமே அவிழ்த்தார், நான்காக மடித்தார், முன் ஆசனத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வாழை மரங்களை அறுத்து எறிந்தார். ஓடுகிற மனிதன் மறுபடியும் ஓட ஆரம்பித்தான்.

"அய்யா, ஒங்க காலப் பிடிக்கிறேன். இன்னைக்கி ஒருநா. எந் தங்கச்சி வீட்டு விசேசம். நாளையில இருந்து நீங்க சொல்ற எடத்துலயெல்லாம் கார நிறுத்துறேன், இன்னைக்கி மட்டும் மூடிக்கிறேன்."

ஞானசிகாமணிக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "சுருளியாண்டி, நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. என் சொந்தக் கல்யாணத்தில் தாலி கட்டும்போது என் முதுகில் தலைவலித் தைல விளம்பரம் இருந்தது. மணப்பெண் அழுதாள். அன்று மட்டும் எழுபத்திரண்டு ரேகை விழுந்தது. இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் ஸ்தாபனம் எனக்கு இன்ஸ்பெக்டர் பதவி கொடுத்தது. கணக்குப் பாரும், யாருக்கு நஷ்டம்?"

குச்சனூர் எல்லையில் மேளத்தோடு சம்பந்தி வீட்டார் எதிர்கொண்டு நின்றார்கள். பெட்ரோல் வாசத்தோடு கார் ஊர்வலத்துக்கு முன்னால் வந்தது. நாற்பது அடிக்கு ஒரு தடவை ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. ஞானசிகாமணி அடி எண்ணிச் சொல்ல, சுருளியாண்டி அடித்தார். தவில்காரர் படத்தைப் பார்த்ததும் அடியை மறந்தார். தெருவில் முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். அப்புறம் பொத்தவும் இல்லை. கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், எள்விளக்கு ஏற்றப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து பார்த்தார்கள். குச்சனூர் வாய் பிளந்தது. மலைச்சாமி தோள் துண்டைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார். அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"வாங்க மச்சான்," என்றார், படத்துக்கும் மச்சானுக்கும் நடுவில் எங்கோ பார்த்து.

பஞ்சம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு பூ வைத்து யாரும் பார்த்ததில்லை. அண்ணன் இறங்கியதும் "வாங்கண்ணே" என்று சொன்னாள்.

அதோடாவது முடிந்ததா? பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைத்த மேஜை இருந்தது. வருகிறவர்கள் சந்தனம் பூசிக்கொண்டு, உள்ளே போய் இலையில் உட்கார வேண்டும். ஞானசிகாமணி சந்தனக் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் மைப்பெட்டியை வைத்து நோட்டை விரித்தார். சந்தனம் எடுக்க நீண்ட கையை எட்டிப் பிடித்தார்.

"பார்த்தீர் அல்லவா? பெருவிரல்!"

முதல் பதினாறு பேர், விசேஷ வீட்டில் இது என்னவோ புது மரியாதை என்று நினைத்து வைத்துவிட்டார்கள். பதினேழாவது ஆள் பக்கத்து ஊர்க்காரர். மையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ரேகை எடுக்குறாகடோய்! சீருன்னு கூப்பிட்டுப் புடிக்கிறாக!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சந்தனம் காய்வதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார். பிறகு யாரும் யோசிக்கவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவர் கையில் பிசைந்த சோறோடு ஓடினார். வண்டி மாடுகளைப் பூட்டக்கூட நேரமில்லாமல் நுகத்தடியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. மேளக்காரர்கள் தவிலை விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளூர்க்காரர்கள், போனவர்களைத் திருப்பிக் கூட்டி வருகிறோம் என்று சொல்லிப் போய் அவர்களும் வரவில்லை. இருநூறு இலை போட்ட பந்தலில் வீட்டு ஆட்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

ஞானசிகாமணிக்கு இது பேசத் தகுந்த நேரமாகப் பட்டது. காலி இலைகளுக்கு முன்னால் நின்றார்.

"மகாஜனங்களே! காதுகுத்து என்பது என்ன? ஒரு கூட்டம். கூட்டம் என்பது என்ன? வயிறுகள். இத்தனை காலமாக நீங்கள் கூடினீர்கள், உண்டீர்கள், கலைந்தீர்கள். எதற்கென்று உங்களுக்கே தெரியாது. ஸ்தாபனம் வந்த பிறகே உங்கள் மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் ஒரு பிரயோஜனம் ஏற்பட்டிருக்கிறது. சிலர் கேட்கிறார்கள், இந்த மாத்திரையை நீர் சாப்பிட்டதுண்டா என்று. ஒருபோதும் இல்லை! எங்கள் டைரக்டர்கள் யாரும் சாப்பிட்டதில்லை! சாப்பிடாமலேயே ஒன்றின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்க முடியுமென்றால், அதுவல்லவோ பக்தி!"

கை தட்ட ஆள் இல்லை. கிடாய் ஒரு தடவை கத்தியது.

காது குத்த வந்த ஆசாரி மட்டும் கூலி வாங்காமல் போக மாட்டார் என்பதால் உட்கார்ந்திருந்தார். சுருளியாண்டி மணையில் உட்கார்ந்து சந்தனம்மாளை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை அவருடைய மீசையைப் பிடித்து விளையாடியது. ஊசி இறங்கியதும் வீரிட்டு அழுதது. அந்த நேரத்தில் நூறு பெண்கள் சேர்ந்து குலவை போட வேண்டும். பந்தலில் வெளியாள் ஒருத்தி இல்லை. கஸ்தூரியம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சம்மாளே போட்டாள். ஒற்றைக் குரலாக அது எழும்பி, கொஞ்ச தூரம் போய், விழுந்துவிட்டது. சுருளியாண்டி அந்தப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். மண் பிளந்து உள்ளே இழுத்தால் நிம்மதியாகப் போயிருப்பார்.

மாமியார் அய்யம்மாள் வெற்றிலையை எடுத்தாள். மடித்தாள். ஒரு வார்த்தையும் போடாமலே வாயில் திணித்துக்கொண்டு உள்ளே எழுந்து போனாள். அவள் பேசியிருக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றியது.

ஞானசிகாமணி நோட்டைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார். "இருநூறு இலைக்குப் பதினாறு ரேகை. சுருளியாண்டி, உம்மை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது."

பஞ்சம்மாள் பிள்ளையை இறக்கி விட்டாள். மேஜைக்கு வந்து, யாரும் கேட்காமலே மைப்பெட்டியில் விரலை வைத்து, நோட்டில் அமுக்கினாள்.

"எழுதிக்கங்கய்யா. பேரு பஞ்சம்மா."

"ஏய், ஆத்தா, வேணாம்," என்று சுருளியாண்டி எழுந்தார். அவள் திரும்பவில்லை.

ஞானசிகாமணிக்கு முகம் மலர்ந்தது. பேனாவை மையில் தோய்த்தார். "பேஷ்! எது உங்கள் மனத்தைக் கவர்ந்தது அம்மா? படமா, வாசகமா?"

அப்போதுதான் அவள் அண்ணனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, பன்னிரண்டு வருஷம் எதிர்பார்த்த ஒருவரைப் பார்ப்பதுபோல நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"அதெல்லாம் நான் பாக்கலங்கய்யா. ஓட்டிக்கிட்டு வந்தாகளே, அவுகளத்தான் பாத்தேன்."

ஞானசிகாமணி நோட்டில் மேலும் கீழும் தேடினார். ஓட்டி வந்தவருக்கென்று தனிக் கட்டம் இல்லை. கொஞ்சம் யோசித்து, 'படம்' என்று எழுதிக்கொண்டார்.